வெள்ளைக் களிம்பு

சேசு மரி சூசை

மடத்துப் பள்ளிக்கூடம், கண்டி
9.2.1930

என் றமீலா,

உன் மாமி நேற்று லேஸ் வாங்க மடத்துக்கு வந்தபோது உன் கடிதத்தை என் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார். ரபீகா மாமி இல்லாவிட்டால் நாம் இரண்டு பேரும் மனம்விட்டுப் பேச வழியே இல்லை. தபாலில் வருகிற எதையும் சிஸ்டர்மார் பிரித்து வாசித்த பிறகுதான் எங்களிடம் தருகிறார்கள்.

நீ கேட்ட பாடங்களை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். ஜியோமெட்ரியும் ஓர் ஆங்கிலக் கட்டுரையும். நீ பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். அப்படியிருந்தும் அக்குறணையில் வீட்டுக்குள் உட்கார்ந்து எங்களோடு கூடவே படித்துக்கொண்டு வருகிறாய். நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வகுப்பில் இருக்கிற நான்தான் படிக்கவில்லை.

போன மாதம் பரிசளிப்பு விழா நடந்தது. வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளைதான் மேடையில் ஆங்கிலப் பாட்டு ஒப்புவிப்பது வழக்கம். முதலாவதாக வந்தது நான். கிறிஸ்மஸ் லீவு முழுக்க அதை மனப்பாடம் செய்தேன். விழாவுக்கு முதல்நாள் சிஸ்டர் அலோய்சியா என்னைக் கூப்பிட்டு, "றீற்றா, உன் உச்சரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேடையில் வெளிச்சம் நேராக முகத்தில் விழும். டொரதி சொல்லட்டும். நீ திரைக்குப் பின்னால் நின்று, அவள் மறந்தால் எடுத்துக் கொடு" என்றார்.

டொரதியை உனக்குத் தெரியும், ரெயில்வே கார்டின் மகள். நல்ல நிறம். நடுநடுவே மறந்தாள். நான் எடுத்துக் கொடுத்தேன். கைதட்டலைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

நீ என்னைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. நான் கறுப்பு என்பது உனக்குத் தெரியும். இப்போது அதன்மேல் பருக்களும் சேர்ந்துவிட்டன. வீங்கி, பழுத்து, காய்ந்த இடமெல்லாம் இன்னும் கறுத்துப்போகிறது. பிஞ்சுப் பலாக்காய்க்குச் சிங்களப் பிள்ளைகள் பொலொஸ் என்பார்கள். இப்போது என் பெயரும் அதுதான். சாப்பாட்டு மேசையில், "பொலொஸ், அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளு" என்பார்கள். நானும் தள்ளுகிறேன்.

சிஸ்டர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தாலும் எழுந்திருப்பதில்லை. எழுந்தால் எல்லாத் தலையும் திரும்பும். கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன். கன்னத்தில் கையை ஊன்றி மறைத்துக்கொண்டு உட்காருகிறேன். தூங்குகிறேன் என்று சிஸ்டர் நினைக்கிறார். டிசம்பரில் ஜூனியர் கேம்பிரிட்ஜ் சோதனை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மனத்தில் நிற்கவில்லை. என் முகம்தான் நிற்கிறது.

அம்மாவுக்கு இதையெல்லாம் எழுத முடியாது. சிஸ்டர்மார் வாசிப்பார்கள். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உன்
றீற்றா


பிஸ்மில்லாஹ்

அக்குறணை
20.2.1930

றீற்றா புள்ளே,

உன் கடிதத்தை வாசித்ததும் கோபம் வந்தது. அது ஆறுவதற்கு முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன், பொறுத்துக்கொள்.

கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன் என்கிறாய். முன் பெஞ்சில் உன் பக்கத்தில் யார் இருந்தாள் என்று மறந்துவிட்டதா? மாமி வீட்டில் தங்கி அந்த பெஞ்சில் நான் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை உம்மா வந்து போர்வையைப் போர்த்தி வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்தா. மேசைக்குள் இருந்த புத்தகங்களை எடுக்கக்கூட விடவில்லை. அந்த இடத்தில் இன்றைக்கு யார் உட்காருகிறாள் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். விடை தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறேன் என்று நீ எழுதுகிறாய். உன்னைப் பிடித்து உலுக்கவேண்டும் போல் இருந்தது.

பிறகு, நீ திரைக்குப் பின்னால் நின்றதை இன்னொரு தடவை வாசித்தேன். அப்போது அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

முகத்தைப் பற்றிய பேச்சு இந்த வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மடவளையிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் பேசுகிறார்கள். நானும் கறுப்புத்தானே, உம்மாவுக்கு அதே கவலை. "இந்த மூஞ்சோட ஈந்தா வாரவங்க கோப்பியக் குடிச்சிட்டுப் போயிருவாங்க மகள்" என்றா. வாப்பாவின் கடைக்குக் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக் களிம்பு வருகிறது. நிறம் வெளுக்கப் பூசுவது, சின்னக் கண்ணாடிக் குப்பி. அதைக் கொண்டுவந்து பூசச் சொன்னா. பூசினேன். எரிந்தது. மூக்கோரத்தில் தோல் உரிந்தது. விட்டுவிட்டேன். உம்மாவுக்குத் தெரியாமல் அதைக் கிணற்றில் போட்டுவிடப் போகிறேன்.

நீ நாளைக்கே முன் பெஞ்சுக்குப் போ. எனக்காகவாவது போ.

றமீலா


கண்டி
2.3.1930

றமீலா,

கிணற்றில் போடாதே. எனக்கு அனுப்பு.

தோல் உரிந்தது என்கிறாய். உரிந்தால் உள்ளே புதுத் தோல் இருக்கும் அல்லவா? சனிக்கிழமை மாமி வரும்போது லேஸ் பையின் அடியில் வைத்துக் கொடுக்கச் சொல். இங்கே இதெல்லாம் கூடாது. கண்டால் பிடுங்கிவிடுவார்கள்.

நீ சொன்னபடி முன் பெஞ்சுக்குப் போகிறேன். இந்த முகத்தோடு போக முடியாது. அதை அனுப்பினால் போகிறேன்.

றீற்றா


அக்குறணை
7.3.1930

றீற்றாவுக்கு,

மாமியிடம் கொடுத்திருக்கிறேன். தைலம் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். நான் பூசி முடித்துவிட்டேன் என்று உம்மா நினைத்துக்கொண்டிருக்கிறா. இன்னொரு குப்பியும் எடுத்துத் தந்தா.

எனக்கு மனம் முழுவதாக ஒப்பவில்லை. எரிந்தால் உடனே நிறுத்திவிடு. கடையில் எத்தனையோ பெண்டுகள் வாங்கிக்கொண்டு போகிறார்கள், யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை என்று வாப்பா ஒரு தடவை சொன்னார். அதை நம்பி அனுப்புகிறேன்.

பாடம் அனுப்ப மறக்காதே.

றமீலா


சேசு மரி சூசை

கண்டி
22.6.1930

என் உயிர் றமீலா,

இத்தனை நாள் எழுதவில்லை என்று கோபிக்காதே. சந்தோஷத்தில் எழுத நேரமில்லாமல் போனது எனக்கு இதுதான் முதல் தடவை.

ஈஸ்டர் லீவுக்குக் கெலிஓயாவுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்குப் போனேன். தேயிலை அரைக்கிற ஸ்டோரிலிருந்து உடம்பெல்லாம் தூளோடு வந்த அப்பா என்னைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் டீமேக்கர் அல்லவா, தேயிலையைப் போல எதையும் நிறம் பார்த்துத்தான் பேசுவார். "அந்தோனியம்மா, இங்க வந்து பாரு. நம்ம புள்ளையா இது?" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா கண்டித் தண்ணி ஒத்துக்கொண்டது என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொன்னார். என் தங்கச்சி பிலோமினாவுக்குப் பன்னிரண்டு வயது. என் கன்னத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பருவெல்லாம் அடங்கிவிட்டது. நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் வெளுத்துவிட்டது. போன வியாழக்கிழமை நற்கருணைச் சுற்றுப்பிரகாரத்தில் சிஸ்டர் அலோய்சியா என்னை முன்வரிசையில் பூக்கூடையோடு விட்டார். டொரதிக்குப் பக்கத்தில் நடந்தேன். ஏரிக்கரை வரைக்கும் ஜனங்கள் நின்றார்கள். நான் தலையைக் குனியவே இல்லை.

முன் பெஞ்சில் இருக்கிறேன். கேள்வி கேட்டால் எழுந்து சொல்கிறேன். தவணைச் சோதனையில் மறுபடியும் முதலாவது. பொலொஸ் என்ற பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. முகம் ஒன்று சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாகவே சரியாகிவிடுகிறது றமீலா. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஒரு சங்கடம் மட்டும். முகம் வெளுத்து, கழுத்தும் கையும் பழையபடி இருந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் கழுத்துக்கும் முழங்கை வரைக்கும் பூசுகிறேன். மாமி கொண்டுவருகிற குப்பி சீக்கிரமே முடிந்துபோகிறது. இனிமேல் இரண்டிரண்டாக அனுப்பு. வாயில் செம்புக் காசை வைத்தாற்போல ஒரு ருசி இருந்துகொண்டே இருக்கிறது. மடத்துச் சமையல் பாத்திரங்களால் இருக்கும்.

உன் புண்ணியத்தில் வாழ்கிற
றீற்றா


பிஸ்மில்லாஹ்

அக்குறணை
14.8.1930

றீற்றா புள்ளே,

மடவளைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். களிம்பு பூசாத முகத்தோடுதான் போய் நின்றேன். பெண் பிடித்திருக்கிறதாம். கலியாணம் அடுத்த வருஷம். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு சின்னக் கடை. நான் அவரைப் பார்க்கவில்லை. உம்மா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, நல்ல மனுசன் போல ஈக்கி என்றா.

இனி உன் விஷயம். நீ போன தடவை அனுப்பிய கணக்குகளை நான் செய்யத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டேன். முதலில் எனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் நீ எழுதியதிலேயே பிழை. கேள்வியில் ஓர் எண், கீழே செய்துகாட்டிய இடத்தில் வேறோர் எண். ஆங்கிலக் கட்டுரையில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாய். கடைசிப் பகுதி இல்லவே இல்லை. இதற்கு முன்னால் வந்தவற்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன் எழுத்து குண்டுகுண்டாக இருக்குமே, இப்போது கரப்பான் ஓடியது போல இருக்கிறது.

மாமியும் ஒன்று சொன்னா. "அந்தப் புள்ள கதைக்கச் சொல்லே கை நடுங்குது றமீலா. கண்ணப் பாத்துக் கதைக்கிறா இல்ல. யாராவது கூப்பிட்டா திடுக்கிட்டுப் போறா" என்றா.

உனக்கு என்ன? காய்ச்சலா? சிஸ்டரிடம் சொல்லி ஒரு டொக்டரைப் பார். களிம்பைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாரேன். எனக்கு என்னவோ அதுதான் என்று மனம் சொல்கிறது.

றமீலா


கண்டி
7.9.1930

றமீலாவுக்கு,

நீ என்ன டொக்டரா? வீட்டுக்குள் அடைந்துகிடக்கிற உனக்கு என் கணக்கில் பிழை பார்க்க என்ன தெரியும். பத்துப் பாடம் படிக்கிற அவசரத்தில் எழுதி அனுப்புகிறேன். பிழை வரத்தான் செய்யும். உனக்காகத்தானே எழுதுகிறேன்.

நிறுத்து என்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். நான் முன் பெஞ்சில் இருப்பது உனக்குப் பொறுக்கவில்லை. உனக்கும் படிப்பு இல்லை, நிறமும் இல்லை. நான் பழையபடி கடைசி பெஞ்சுக்குப் போனால் உனக்கு ஆறுதலாக இருக்கும்.

ஒரு கிழமை பூசாமல் விட்டுப் பார்த்தேன். என்ன ஆனது தெரியுமா? முன்பு இருந்ததைவிடக் கறுத்துவிட்டது. டொரதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். எல்லாரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் அறைக்குள் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். சிஸ்டர் இப்போது எழுந்து சொல்லச் சொன்னால் எனக்கு வாய் எழும்புவதில்லை. படித்தது இருக்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. காரணமில்லாமல் அழுகை வருகிறது. பல் முரசிலிருந்து இரத்தம் வருகிறது. இது எல்லாம் சோதனைப் பயம்.

சோதனை முடியும்வரை எனக்கு அது வேண்டும். அனுப்ப மனமில்லை என்றால் சொல்லிவிடு. கண்டியில் கடை இல்லாமலா போய்விட்டது.

றீற்றா


அக்குறணை
20.9.1930

றீற்றாவுக்கு,

இனிமேல் அனுப்பமாட்டேன். பாடங்களும் எனக்கு வேண்டாம்.

நீ எழுதியதில் ஒன்று உண்மை. அந்த பெஞ்சை நினைத்து எனக்குப் பொறாமைதான். உன் நிறத்தை நினைத்து இல்லை.

றமீலா


ஆஸ்பத்திரி, கண்டி
17.12.1930

றமீலா,

படுத்துக்கொண்டு பென்சிலால் எழுதுகிறேன். எழுத்து கோணும். மாமி நேற்று வார்டுக்கு வந்து என்னைக் கண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நீ எதுவும் கேட்டு அனுப்பவில்லை. ஆனாலும் உனக்குத்தான் எழுதவேண்டும் போலிருக்கிறது.

நவம்பரிலேயே காலையில் எழுந்தால் கண் திறக்க முடியாதபடி முகம் ஊதியிருந்தது. பகலில் ஊதல் காலுக்கு இறங்கும். சப்பாத்துப் போட முடியாது. யாரிடமும் சொல்லவில்லை. சோதனைக்குப் போனேன். முதல்நாள் எப்படியோ எழுதினேன். கணக்குச் சோதனையன்று பேனாவைப் பிடித்தேன், கை நிற்கவில்லை. மைக்கூடு கவிழ்ந்து தாள் முழுவதும் மை. வேறு தாள் தந்தார்கள். கேள்வியை வாசித்தேன். தெரிந்த கேள்விதான். பெப்ரவரியில் உனக்கே எழுதி அனுப்பியது. எங்கே தொடங்குவது என்று நினைவு வரவில்லை. அப்படியே இருந்தேன். பிறகு கதிரையிலிருந்து விழுந்தேனாம். அது எனக்குத் தெரியாது.

இங்கே டொக்டர் தினமும் வந்து என் காலை விரலால் அமுக்கிப் பார்க்கிறார். அமுக்கின இடம் குழியாகவே நிற்கிறது. "முகத்துக்கு ஏதாவது பூசுறியா? யார் தந்தது?" என்று கேட்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவும் கேட்டார். சிஸ்டர் அலோய்சியாவும் கேட்டார். சொன்னால் உன் வாப்பாவின் கடை என்று வரும். மாமி என்று வரும். உன் கலியாணம் என்று வரும். நீ அனுப்புவதை நிறுத்திய பிறகு கண்டிக் கடைவீதியிலும் வாங்கிப் பூசினேன். டொரதிதான் வாங்கி வந்து தந்தாள். அவளும் அதைத்தான் பூசுகிறாள். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

செப்டம்பரில் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடு. அது நானா, வேறு யாரோவா என்று எனக்கே விளங்கவில்லை.

றீற்றா


பிஸ்மில்லாஹ்

அக்குறணை
23.12.1930

றீற்றா,

நீ வாய் திறக்கவில்லை. நான் திறந்துவிட்டேன். கோபித்துக்கொண்டாலும் சரி.

உன் கடிதம் வந்த அன்று பின்னேரம் வாப்பா கடையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அங்கேயே போய் நின்றேன்.

"வாப்பா, றீற்றா ஆஸ்பத்திரில ஈக்கிறா. நான் அனுப்பின களிம்பாலதான் எண்டு நெனைக்கிறேன்."

"எந்தக் களிம்பு?"

"நம்மட கடையில விக்கிறது. உம்மா எனக்குத் தந்தது."

"நீ அதப் பூசினியா?"

"கொஞ்சம். தோல் உரிஞ்சிச்சி, விட்டுட்டேன்."

"உரிஞ்சத எனக்கிட்டச் சொல்லல்லையே மகள்."

பிறகு அவர் கேட்டார், "டொக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ சொல்லமாட்டாளாம். உங்கட பேர் கெட்டுப்போகுமாம்."

வாப்பா செம்பைக் கீழே வைத்தார். "எனக்கிட பேருக்காக ஒரு புள்ள மவுத்தாகணுமா?" என்றார். சத்தம் போடவில்லை. உம்மாதான் ஓடிவந்து, மடவளைக்குத் தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும், வேறு யாரையாவது கொண்டு டொக்டருக்குச் சொல்லச் சொல்லுங்கள் என்று அழுதா. வாப்பா காது கொடுக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் ஒரு குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கண்டிக்குப் போனார். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நீ அவரைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாயாம். வாப்பா வந்து சொன்னார்.

அதில் பாதரசம் இருக்கிறதாம். டொக்டர் வாப்பாவைப் பார்த்து, இதுவரைக்கும் எத்தனை பேருக்கு விற்றீர்கள் என்று கேட்டாராம். வாப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்து மிச்சம் இருந்ததையெல்லாம் கடைக்குப் பின்னால் குழிதோண்டிப் புதைத்தார். வாங்கின வீடுகளுக்கு ஆள்விட்டுச் சொன்னார். இரண்டொருவர் குப்பியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். அங்கே இன்னும் இருக்கிறது.

மாமி இனி மடத்துக்குள் வரக்கூடாது என்று சிஸ்டர்மார் சொல்லிவிட்டார்களாம். உம்மா என்னோடு பேசுவதில்லை. எழும்பி நட றீற்றா.

றமீலா


சேசு மரி சூசை

கெலிஓயா
1.3.1931

றமீலாவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே கடிதங்களை யாரும் பிரிப்பதில்லை. நீ தபாலிலேயே எழுதலாம்.

கை நடுக்கம் குறைந்திருக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஊதல் வருகிறது, போகிறது. மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காய் பழுதாகிவிட்டது, உப்பைத் தொடவே கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். உப்பில்லாத சோற்றைச் சாப்பிடுகிறேன். முகம் இப்போது கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை. கண் இமையிலும் கழுத்து மடிப்பிலும் சாம்பலைப் பூசியது போல ஒரு நீலம் படர்ந்திருக்கிறது. போகாதாம். அம்மா, விஷக் காய்ச்சல் என்று தோட்டத்து லயத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

சோதனை முடிவு வந்தது. எதிர்பார்த்ததுதான். மடத்திலிருந்து அப்பாவுக்கு எழுதியிருந்தார்கள். உடல்நலத்தை முன்னிட்டு என்னை வீட்டிலேயே வைத்திருப்பது நல்லதாம். அப்பா அதை வாசித்துக் காட்டிவிட்டு, "அவங்க நல்லதுக்குத்தான் சொல்றாங்க புள்ள" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இப்போதெல்லாம் அவர் அப்படித்தான் பேசுகிறார்.

உன்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. கொஞ்சம் இருக்கிறது. நான் கேட்டாலும் நீ அதைக் கிணற்றில் போட்டிருக்கலாம். இது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். நீ பேசியிருக்காவிட்டால் நான் அந்த வார்டிலேயே போயிருப்பேன் என்றும் தெரியும். இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

உன் வாப்பாவிடம் சொல். அன்றைக்கு முகத்தைத் திருப்பியது அவரிடம் உள்ள கோபத்தால் அல்ல. என் முகத்தை அவர் பார்க்க வேண்டாமென்றுதான்.

றீற்றா


மடவளை
10.7.1931

றீற்றாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. கோபத்தை எழுதினாய், அது நல்லது. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கலியாணம் முடிந்துவிட்டது. சம்பந்தம் முறியவில்லை. உம்மா பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. பாதரசக் கதையை இவர்கள் கேள்விப்பட்டார்கள், யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மாப்பிள்ளையை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறேன், சத்தம் போடாத மனிதர். ஆனால் வீட்டுப் பெண்டுகள் எழுதிக்கொண்டு இருப்பது மாமியாருக்குப் பிடிக்காது. அவ தொழும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

மச்சானுக்கு இரண்டு தங்கச்சிமார். மூத்தவளுக்குப் பதினைந்து வயது. அவளுடைய அலுமாரியில் அதே குப்பியைக் கண்டேன். உட்காரவைத்து உன்னைப் பற்றி எல்லாம் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தன் உம்மாவிடம் போய், "மதினி கறுப்புத்தானே, நாங்க வெளுக்கிறது அவவுக்குப் புடிக்கல்ல" என்றாள். இளையவளும் சேர்ந்து மூன்று பேரும் சிரித்தார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இனிமேல் பாடம் கேட்டு எழுதமாட்டேன். புத்தகங்களை அக்குறணையிலேயே விட்டுவிட்டு வந்தேன். உனக்கும் இப்போது அனுப்புவதற்கு ஒன்றும் இல்லைதானே.

உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடுகிறாய்? தேசிக்காய் பிழிந்து கொஞ்சம் புளி விட்டுப் பார்.

றமீலா


சேசு மரி சூசை

கெலிஓயா
20.9.1931

என் றமீலா,

தேசிக்காய் விட்டுச் சாப்பிடுகிறேன். கொஞ்சம் இறங்குகிறது.

கம்பளைக்குப் போய் டொக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். அவர் அப்பாவை வெளியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா எனக்கு ஜன்னலோர இடத்தைத் தந்தார். வழியில் பஸ் நின்ற இடத்தில் ஒரு கொய்யாப்பழம் வாங்கித் தந்தார். அதிலிருந்து டொக்டர் என்ன சொல்லியிருப்பார் என்று விளங்கிக்கொண்டேன்.

இந்தக் கடிதம் பிலோமினாவைப் பற்றியது. அவளை ஜனவரியில் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா எழுதிப் போட்டிருக்கிறார். நான் படித்த இடம்தான். வேறு நல்ல இடம் நமக்கு எங்கே கிடைக்கும் என்கிறார். அவளுக்குப் பதின்மூன்று வயது முடியப் போகிறது. நெற்றியில் பரு வந்துவிட்டது. நான் முகம் பார்க்கக்கூடாதென்று எங்கள் வீட்டில் கண்ணாடியை அம்மா மறைத்து வைத்துவிட்டார். இவள் காலையில் அப்பாவின் புத்தக அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகும் வழியில் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நடக்கிறாள்.

நேற்றுப் பின்னேரம் அவளைக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்காரவைத்தேன். வீட்டில் விஷக் காய்ச்சல் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். திரைக்குப் பின்னால் நின்றதிலிருந்து தொடங்கினேன். பொலொஸ் என்ற பெயரையும் சொன்னேன். அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை. குப்பி வந்ததும், சோதனை மண்டபத்தில் கை நடுங்கியதும், வார்டும் எல்லாம் சொன்னேன். பாவாடையைத் தூக்கிக் காலைக் காட்டினேன். "விரலால அமுக்கிப் பாரு" என்றேன். அமுக்கினாள். குழி அப்படியே நின்றது. கையை இழுத்துக்கொண்டாள். இமையைக் கிட்ட வந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

சரி, பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, நீங்க ஈஸ்டர் லீவுக்கு வந்தீங்களே. அப்ப நெசமாவே வெளுத்துத்தானே இருந்தீங்க?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது வெளுப்பே இல்லை, நோய் என்று சொல்லியிருக்கலாம். டொக்டர் அப்படித்தான் சொன்னார். ஆனால் அந்த லீவில் அப்பா வாசலில் நின்ற நிலை என் கண்ணுக்குள் வந்துவிட்டது. அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும் றமீலா. அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

"ஆமா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். என் பாவாடையை இழுத்துக் காலை மூடிவிட்டு எழுந்து போனாள். அப்பாவின் அலுமாரியின் கண்ணாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. புத்தகம் எடுக்கத்தான் போனாள் என்று நினைக்கப் பார்க்கிறேன்.

றீற்றா